இரண்டு தலைப் புழு ஏறிய கேடயம்: ஓர் ஆய்வு நகைச்சுவை இதழின் அட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் ஆராய்ச்சி செய்பவர்களே தங்களுக்காக நடத்திய நகைச்சுவை இதழ்கள் சில உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த அட்டை 'வோர்ம் ரன்னர்ஸ் டைஜஸ்ட்' என்ற அமெரிக்க இதழுடையது. படம் வரைகிறவர்களிடமும் உயிரியல் படிக்கிற பிள்ளைகளிடமும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வரும். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இப்படி ஓர் இதழ் நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. 1959இல் தொடங்கி 1979 வரை வந்தது. நடத்தியவர் ஜேம்ஸ் வி. மெக்கானல், ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பள்ளிப் பாடத்தில் இழப்பு மீட்டல் என்று படித்திருப்பீர்களே, வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளருமே, அதே புழுதான்.

அவருடைய சோதனைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்ததும் பள்ளி மாணவர்களிடமிருந்து கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. புழு எங்கே கிடைக்கும், என்ன தீனி போடுவது, எப்படிப் பழக்குவது, அறிவியல் கண்காட்சிக்கு வைக்க வேண்டும், உடனே பதில் போடுங்கள் என்று. தனித்தனியாகப் பதில் எழுதி மாளாது என்று எல்லாவற்றையும் ஒரு கையேடாகத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் என்ற மலிவான முறையில் படியெடுத்தார்கள். சும்மா ஒரு கையேடாக விடாமல், ரீடர்ஸ் டைஜஸ்டை நினைவூட்டும் ஒரு பெயர் வைத்து, தொகுதி 1, இதழ் 1 என்று போட்டு, முகப்பில் ஒரு குலச்சின்னத்தையும் வைத்தார்கள். விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் அதைப் பார்த்த மற்ற ஆய்வாளர்கள் அடுத்த இதழுக்குக் கட்டுரை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் நிறுத்த வழியில்லை.

அட்டையில் அப்படி என்னதான் இருந்தது?

ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களும் பழைய பல்கலைக்கழகங்களும் வைத்திருக்குமே, கேடயம், மகுடம், ஒரு மிருகம், கீழே லத்தீனில் ஒரு வாசகம், அந்த மாதிரி முழுமையான ஒரு குலச்சின்னம். நமக்குப் பழக்கமான உதாரணம் சொன்னால், தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரத்துக்குக் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று இருக்கிறது அல்லவா, சின்னமும் வாசகமும் சேர்ந்தது.

இவர்கள் சின்னத்தில் மிருகத்தின் இடத்தில் இருப்பது இரண்டு தலை உள்ள பிளனேரியா. ஐரோப்பியச் சின்னங்களில் சிங்கம் பெரும்பாலும் பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் நகங்களைக் காட்டிப் பாய்கிற மாதிரி நிற்கும். அதற்கு 'ராம்பன்ட்' என்று ஒரு கலைச்சொல் உண்டு. இந்தப் புழுவையும் அதே நிலையில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். காலே இல்லாத, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் கல்லுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கிற உயிர், சிங்கம் மாதிரி எழும்பி நிற்கிறது. மகுடத்தில் எஸ், ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்றையும் மற்றதையும் இணைக்கும் கோடு. எஸ் என்றால் தூண்டல், ஆர் என்றால் துலங்கல். 1950களில் அமெரிக்க உளவியலையே ஆண்டுகொண்டிருந்த கொள்கை அதுதான், எந்த நடத்தையையும் தூண்டல், துலங்கல் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பது. அதைக் கொண்டுபோய் மகுடத்தில் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! உளவியலுக்கு உலகம் முழுக்க அடையாளமாக இருக்கும் 'சை' என்ற கிரேக்க எழுத்தும் சின்னத்தில் உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிரிக்க வைப்பதற்காகப் புழுவுக்குக் கண்ணாடி மாட்டவில்லை, பட்டமளிப்பு அங்கி போடவில்லை, வாயைப் பிளந்து சிரிக்க விடவில்லை. குலச்சின்னக் கலையில் எது எது வேண்டுமோ அதெல்லாம் இருக்கிறது, உளவியலில் எது எதற்கு எந்தக் குறியோ அதுவும் சரியாக இருக்கிறது. இரண்டு துறையின் இலக்கணத்தையும் ஒழுங்காகப் பின்பற்றி ஒரே கேடயத்துக்குள் சேர்த்தார்கள். சிரிப்பு அந்தச் சேர்க்கையில்தான் வருகிறது. படித்தவர்களுக்கான நகைச்சுவை அட்டையில் கோமாளித்தனத்தைவிட இந்த ஒழுங்குதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து, கீழே வரும் பதில்களிலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

லத்தீனில் என்ன எழுதியிருந்தது?

'இக்னோட்டம் பெர் இக்னோஷியஸ்'. தெரியாத ஒன்றை அதைவிடத் தெரியாத இன்னொன்றைக் கொண்டு விளக்குவது என்று அர்த்தம், தர்க்கத்தில் ஒரு குற்றத்துக்கு உண்மையாகவே இருக்கும் பெயர். நான் விளக்கி முடித்த பிறகு உங்களுக்கு முன்பு தெரிந்ததும் தெரியாமல் போகும் என்கிற மாதிரி மெக்கானல் அதற்குப் பொருள் சொன்னார்.

ஏன் இரண்டு தலை? கற்பனைப் பிராணியா?

இல்லை, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரட்டைத் தலைக் கழுகு ஐரோப்பியச் சின்னங்களில் நிறைய உண்டு, நம் பக்கம் கண்டபேரண்டப் பறவை இருக்கிறது. அவை கற்பனை. இரட்டைத் தலைப் பிளனேரியா கற்பனை இல்லை, கூர்மையான பிளேடும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம்.

புழுவின் தலையை நடுவில் நீளவாக்கில் பிளக்க வேண்டும், உடலைத் தொடாமல். அப்படியே விட்டுவிட்டால் இரண்டு பாதியும் மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், அதனால் ஒட்ட ஒட்ட மறுபடி பிரித்துவிட வேண்டும். ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு பாதியும் தன்னிடம் இல்லாத மறுபாதியை வளர்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரே உடலில் இரண்டு முழுத் தலைகள், ஆளுக்கு இரண்டு கண்கள்.

ஆக, சின்னத்தில் இருப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கக்கூடிய நிஜப் பிராணி. மெக்கானலின் கேள்விக்கும் அது நேராகப் போகிறது. வெளிச்சத்தைக் காட்டி உடனே லேசான மின்அதிர்ச்சி கொடுப்பார்கள், புழு சுருங்கும். பல முறை செய்த பிறகு வெளிச்சத்தைக் கண்டாலே சுருங்கும். 1955இல் ராபர்ட் தாம்ப்சனோடு சேர்ந்து வெளியிட்ட முதல் கட்டுரை இதைப் பற்றியது. அடுத்த கேள்வி, பழக்கிய புழுவைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் கற்றது எந்தத் துண்டோடு போகும்? நான்கு வாரம் விட்டு, இரண்டு துண்டும் முழுப் புழுவாக வளர்ந்த பிறகு சோதித்தார்கள். தலைத் துண்டு மட்டும் இல்லை, புதிதாக மூளை வளர்த்துக்கொண்ட வால் துண்டும் நினைவு வைத்திருந்தது என்று 1959இல் வெளியிட்டார்கள். அதே வருடம்தான் டைஜஸ்டும் பிறக்கிறது. தலை எது, நினைவு எங்கே என்று கேட்கிற ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு தலைப் புழுவைவிடப் பொருத்தமான சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

ஒரு கூடுதல் தகவல். வெட்டப்பட்ட பிளனேரியாத் துண்டுகளைப் பின்னாளில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று, இரண்டு முனையிலும் தலை வளர்த்துக்கொண்டு திரும்பியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெவினின் குழு 2017இல் அதை வெளியிட்டது.

புழு என்று தெரியும்படி எப்படி வரைந்தார்கள்? ஒரு கோடு போட்டாலே புழுதானே?

அப்படி வரைந்தால் மண்புழு ஆகிவிடும். பிளனேரியாவுக்குத் தலை அம்பு முனை மாதிரி முக்கோணமாக இருக்கும். தலையின் இரண்டு பக்கமும் காது போலத் துருத்திக்கொண்டிருப்பவை காதுகள் இல்லை, நீரில் கரைந்திருக்கும் பொருள்களை உணரும் உறுப்புகள். கண் என்பது ஒரு வெள்ளைத் திட்டு, அதன் உள்ளோரத்தில் கருப்பு நிறமி. கருப்பு உள்பக்கமாக இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு எப்போதும் மாறுகண் வைத்திருக்கிற மாதிரி தெரியும். இதை வரைகிறவர் வேண்டுமென்று சேர்க்கவே தேவையில்லை, புழு பிறப்பிலேயே அப்படித்தான். வாய் தலையில் கிடையாது, வயிற்றுப் பக்கம் நடு உடலில் இருக்கிறது, அங்கிருந்து குழாய் மாதிரி தொண்டையை வெளியே நீட்டித் தின்னும்.

உள்ளதை உள்ளபடி வரைந்தாலே போதும் அளவுக்கு விசித்திரமான உயிர் இது. கார்ட்டூன் பாணியில் மிகைப்படுத்தினால் படம் மட்டமாகிவிடும்.

சைக்ளோஸ்டைலில் படம் வருமா?

கோட்டுப் படம் வரும். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, படத்தை ஊசி முனையால் கீறி, உருளையில் மை தடவி உருட்டும் முறை அது. கீறிய இடத்தில் மட்டும் மை இறங்கும். பெரிய கருப்புத் திட்டு போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், சாம்பல் நிறம், புகைப்படம் எல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. குலச்சின்னமோ வெறும் கோட்டில் நிற்கக்கூடியது, கல்லில் செதுக்குவதற்கும் மெழுகு முத்திரையில் பதிப்பதற்கும் உருவான கலை. மலிவான அச்சில் கம்பீரமாகத் தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை.

இதழைத் தலைகீழாக அச்சடித்தார்கள் என்கிறார்களே?

ஆமாம். ஆரம்பத்தில் நிஜமான ஆய்வுக் கட்டுரைகளையும் கேலிக் கட்டுரைகளையும் கார்ட்டூன்களையும் கலந்துதான் போட்டார்கள். ஒரு பக்கத்தில் புழுவைப் பழக்கிய முடிவுகள், அடுத்த பக்கத்தில் அதே அட்டவணை, அதே அடிக்குறிப்பு, அதே நடையில் முழுக்க இட்டுக்கட்டிய ஆராய்ச்சி. எது நிஜம், எது விளையாட்டு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று வாசகர்கள் குறைபட்டார்கள், அவர்களும் விஞ்ஞானிகள்தான்!

அதனால் கேலியை எல்லாம் பின்பக்கம் தள்ளி, தலைகீழாக அச்சிட ஆரம்பித்தார்கள். 1960களின் நடுவில் இன்னும் ஒரு படி மேலே போய், நிஜக் கட்டுரைகள் உள்ள பக்கத்துக்கு 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் சைக்காலஜி' என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஒரு பக்கம் எடுத்தால் கௌரவமான ஆய்விதழ். புரட்டித் தலைகீழாகத் திருப்பினால் வோர்ம் ரன்னர்ஸ் டைஜஸ்ட். இரண்டுக்கும் தனித்தனி முன்னட்டை உண்டு, பின்னட்டை என்று ஒன்றே கிடையாது.

இந்த அமைப்பு அந்த ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் ஏஸ் நிறுவனம் 1952 முதல் இரண்டு நாவல்களை இப்படி முதுகோடு முதுகு சேர்த்துத் தலைகீழாகக் கட்டி மலிவு விலையில் விற்றுக்கொண்டிருந்தது, அறிவியல் புனைகதைகளும் அதில் நிறைய. மெக்கானலே அறிவியல் புனைகதை எழுதியவர், அந்தப் புத்தகங்கள் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கையில் பிடித்துப் பார்த்தால்தான் இதன் அழகு புரியும். நிஜத்தைப் படித்துக்கொண்டே போனால் நடுவில் ஓரிடத்தில் எழுத்துகள் தலைகீழாகிவிடும், அங்கே நின்று திருப்ப வேண்டும். இரண்டு தலைப் புழுவைச் சின்னமாக வைத்த இதழ் கடைசியில் தானும் இரண்டு தலையோடு வந்தது, இதைவிட என்ன வேண்டும்!

மற்ற ஆய்வு நகைச்சுவை இதழ்கள் என்ன செய்தன?

இதற்கு முன்பே 1955இல் இஸ்ரேலில் வைரஸ் ஆய்வாளர் அலெக்சாண்டர் கோனும் இயற்பியலாளர் ஹாரி லிப்கினும் 'ஜர்னல் ஆஃப் இர்ரிப்ரொட்யூசிபிள் ரிசல்ட்ஸ்' தொடங்கினார்கள். பின்னாளில் அதற்கு ஆசிரியராக இருந்த மார்க் ஆபிரகாம்ஸ் வெளியேறி 'அன்னல்ஸ் ஆஃப் இம்ப்ராபபிள் ரிசர்ச்' என்ற இதழை ஆரம்பித்தார். இக் நோபல் பரிசு என்று வருடாவருடம் செய்தியில் வருகிறதே, அதன் வீடு இதுதான். அவர்கள் சின்னம், ரோடானின் புகழ்பெற்ற 'சிந்தனையாளர்' சிலை பீடத்திலிருந்து மல்லாக்க விழுந்து கிடப்பது. விழுந்த பிறகும் கையைத் தாடையில் வைத்து யோசித்துக்கொண்டே இருக்கிறார். இங்கேயும் அதே வழிதான், சிலையில் எதையும் மாற்றவில்லை, படுக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆய்விதழ் இல்லையென்றாலும் லண்டன் 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழையும் சொல்லாமல் இருக்க முடியாது. ரிச்சர்ட் டாயல் 1849இல் வரைந்த அதன் அட்டை நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. நடுவில் பொம்மலாட்டப் பாத்திரமான திரு. பஞ்ச், பக்கத்தில் அவருடைய நாய் டோபி, சுற்றிலும் பொடிப் பொடி உருவங்களின் ஊர்வலம். கீழே பஞ்ச் கழுதை மேல் போகும் வரிசை டிஷியன் வரைந்த 'பாக்கஸும் அரியாட்னியும்' ஓவியத்தைப் பின்பற்றியது. அட்டை மாறாததால்தான் அது இதழின் முகமாகவே ஆனது. டாயலே 1850இல் கொள்கை வேறுபாட்டால் விலகிவிட்டார், அவர் வரைந்தது மட்டும் வாராவாரம் வந்துகொண்டே இருந்தது.

இந்தக் கேலி எல்லாம் மெக்கானலின் அறிவியலைக் கெடுத்துவிடவில்லையா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

அவருக்கு இடையூறாக இருந்தது உண்மை. 1960களின் தொடக்கத்தில் அவர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். பழக்கிய புழுக்களை நறுக்கிப் பழக்காத புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தால், தின்றவை சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன, நினைவு ஏதோ ஒரு வேதிப்பொருளாக மாறிப் போகிறது என்றார். மற்ற ஆய்வுக்கூடங்கள் முயன்றபோது பலருக்கும் அந்த முடிவு வரவில்லை. எட்வர்ட் பென்னட்டும், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினும் புழுவை நம்பகமாகப் பழக்கவே முடியவில்லை என்று 1964இல் எழுதினார்கள். புழு ஊர்ந்த இடத்தில் விட்டுப் போகும் சளித் தடம் அடுத்த புழுவின் நடத்தையை மாற்றிவிடும் என்பது போன்ற சிக்கல்கள் வேறு. இப்படி ஒரு சண்டை நடக்கும்போது, தலைகீழாக அச்சாகும் இதழில், சிங்கம் மாதிரி நிற்கிற புழு அட்டைக்குள் வருகிற கட்டுரையை எதிராளி எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. நகைச்சுவையால் தனக்குக் கெட்ட பெயர் வந்ததைப் பற்றி 1969இல் மெக்கானலே ஒரு கட்டுரையில் எழுதினார், ஆனாலும் இதழை நிறுத்தவில்லை, இன்னும் பத்து வருடம் நடத்தினார்.

என் பார்வையில் அட்டை மேல் பழி போடுவது தவறு. சோதனை நின்றதா விழுந்ததா என்பது சோதனையைப் பொறுத்தது. அந்தச் சின்னம் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சொல்லப்போனால் நாங்கள் தெரியாததைத் தெரியாததால் விளக்குகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. இவ்வளவு நேர்மையான வாசகத்தை முகப்பில் போட்ட வேறு ஆய்விதழை நான் பார்த்ததில்லை. 2013இல் டால் ஷோம்ராட்டும் லெவினும் தானியங்கிக் கருவிகளைக் கொண்டு சோதித்து, தலையை வெட்டி, புதுத் தலை வளர்ந்த பிறகும் பிளனேரியாவிடம் பழைய பயிற்சியின் தடம் இருக்கிறது, ஒரு சின்ன நினைவூட்டல் கொடுத்தால் மற்றவற்றைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். தின்னக் கொடுத்த கதை இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் வால் துண்டும் நினைவு வைத்திருக்கும் என்ற பழைய முடிவைச் சிரித்து ஒதுக்கியவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. மெக்கானல் அதைப் பார்க்க இல்லை, 1990இல் காலமானார்.

எங்கள் துறை இதழுக்கு இப்படி ஓர் அட்டை வரைய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாராளமாகச் செய்யுங்கள். முதலில் உங்கள் துறையில் தினமும் கையில் புழங்குகிற, வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு பொருளையோ உயிரையோ எடுங்கள். மூளை, பல்பு, பல்சக்கரம், கண்ணாடிக் குடுவை எல்லாம் வேண்டாம், அவை எல்லோர் அட்டையிலும் இருக்கின்றன. அதைப் பாடப்புத்தகத்துக்கு வரைவது போல உறுப்பு பிசகாமல் வரைந்து பழகுங்கள். அப்புறம் கம்பீரமான ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், முத்திரையோ கல்வெட்டோ நாணயமோ எதுவானாலும் சரி, அதன் விதிகளைப் படித்துவிட்டு அந்த விதிப்படியே பொருத்துங்கள். துறைக்காரர் ஒருவரிடம் காட்டும்போது அவர் முதலில் தவறு தேட வேண்டும், தவறு கிடைக்காமல் பிறகு சிரிக்க வேண்டும். உடனே சிரித்துவிட்டால் படம் சத்தம் அதிகமாகப் போடுகிறது என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள்.

இரண்டு பக்க அட்டையை அச்சகத்துக்கு எப்படிக் கொடுப்பது?

அட்டை முழுவதும் ஒரே தாள்தான். விரித்து வைத்தால் வலது பாதி ஒரு முகப்பு, நடுவில் முதுகு, இடது பாதி இன்னொரு முகப்பு. இடது பாதியை 180 பாகை திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிவிடக் கூடாது, எழுத்து வலமிடமாகிவிடும். முதுகில் எழுத்து போட்டால் ஒரு பக்கத்துக்காரருக்கு எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கும், இதழ் மெலிதாக இருந்தால் முதுகைக் காலியாக விட்டுவிடலாம். விலை, எண் போன்றவற்றுக்குப் பின்னட்டை இல்லாததால் ஏதாவது ஒரு முகப்பில் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும், அதைப் படம் வரையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உள்பக்கங்களில் இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெற்றுப் பக்கமாவது இருக்கட்டும். ஒரு மாதிரிப் பிரதியை அச்சிட்டு, மடித்து, பின் அடித்து, கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஒப்புதல் கொடுங்கள், கணினித் திரையில் பார்த்தால் எந்தப் பாதி எந்தப் பக்கம் என்று யாருக்கும் குழம்பும்.